பழகிய நிலமும் புதிய நோக்கும்

"கொலன்னாவையிற் படம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வெள்ளவத்தையில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். நண்பர் ஒளிப்படக் கலையில் நல்ல ஈடுபாடு உடையவர். நான்கு நாள் விடுமுறை கிடைத்துவிட்டால் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சிகிரியாவுக்கோ, நுவரெலியாவுக்கோ, திருகோணமலைக்கோ புறப்பட்டுவிடுவார். கொலன்னாவை அவருடைய வீட்டிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் தொலைவில் இருப்பது. ஏளனம் கருதி அவர் அப்படிக் கேட்கவில்லை. அங்கே அழகென்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். விந்தை யாதெனில், கொலன்னாவையிலேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டாலும் அவர்களும் பெரும்பாலும் இதையே சொல்லுவார்கள்.

நேயர்களே, நாம் நாளும் காணும் நிலத்தைப் புதிதாகக் காண்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒரு படத்தையும் காட்டாமல் படத்தைப் பற்றி வானொலியிற் பேசுவது சற்றே வேடிக்கையான காரியந்தான். ஆயினும் இதில் ஒரு வசதியும் உண்டு. உங்கள் முன்னே என் படம் இல்லாமையால், நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் உங்கள் ஊரையே மனத்திற் கொண்டு கேட்கலாம். நான் கொலன்னாவையை எடுத்துக்காட்டாகக் கொள்ளுகிறேன். கொட்டாஞ்சேனையில் இருப்பவர் கொட்டாஞ்சேனையை நினைத்துக்கொள்வாராக.

கொலன்னாவையின் அமைப்பை முதலிற் சொல்லிவிடுகிறேன். கொழும்பு நகரின் கிழக்கு எல்லையைக் கடந்து, தெமட்டகொடையையும் ஒருகொடவத்தையையும் பின்னே விட்டுச் சென்றால் வருவது அப்பகுதி. வடக்கே களனி கங்கை. தெற்கே கோட்டைச் சதுப்பு நிலத்தோடு தொடர்ந்து கிடக்கும் பெரிய சதுப்பு வெளி. நடுவே கொழும்புத் துறைமுகத்திலிருந்து குழாய் வழியே வந்து சேரும் எண்ணெயைத் தேக்கிவைக்கும் உருளை வடிவத் தாங்கிகள். அத்தாங்கிகளை நாடிச் செல்லும் ஒரு புகையிரதக் கிளைப்பாதை. வீதியோரத்தில் வரிசையாக நிற்கும் எண்ணெய்ப் பவுசர்கள். இவற்றுக்கிடையே நெருங்கி நிற்கும் சிறு வீடுகள், கால்வாய்கள், பள்ளிவாசல், விகாரை, கோயில், தேநீர்க்கடை. மூவினத்தாரும் கலந்து வாழும் உழைப்பாளர் நிலம் அது.

இத்தகைய இடத்தை நாம் ஏன் காண்பதில்லை? கண் பழகிவிட்டது என்பது ஒரு விடை. ஆனால் கண் பழகுதல் என்பது யாது என்று சிறிது ஆராய வேண்டும். வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. தினந்தோறும் பல முறை அதைப் பார்க்கிறோம். அதிலுள்ள படம் என்ன என்று யாராவது திடீரெனக் கேட்டால் விழிக்கிறோம். திகதியை அறிவதற்காகவே நாம் அதைப் பார்த்தோம். திகதி தெரிந்தவுடன் பார்வை தன் வேலையை முடித்துக்கொண்டது. ஊரையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம். பஸ் வருகிறதா, மழை வருமா, வீதியில் வெள்ளம் நிற்கிறதா என்பவற்றை அறியும் அளவுக்கு மாத்திரம் பார்க்கிறோம். தேவைக்கு மிஞ்சிய பார்வையைக் கண் வீண்செலவாகக் கருதிச் சிக்கனம் செய்கிறது. ஒளிப்படம் எடுப்பவன் செய்ய வேண்டியது அந்த வீண்செலவையே.

இன்னொரு காரணமும் உண்டு. இது நம் நாட்டுக்குச் சிறப்பாகப் பொருந்துவது. எது படத்துக்குரிய காட்சி, எது அன்று என்பதை நமக்காக வேறு சிலர் முன்னரே தீர்மானித்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒளிப்பட நிலையங்கள் பல தோன்றின. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் அவற்றுட் பெயர்பெற்றது. கப்பலில் வந்து இறங்கும் பயணிகள் வாங்கிச் செல்வதற்கென அந்நிலையங்கள் படங்களையும் தபால் அட்டைகளையும் வெளியிட்டன. சாய்ந்த தென்னை, காலிமுகத் திடல், கல்கிசைக் கடற்கரை, ரிக்‌ஷா வண்டி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஆகியவையே அவற்றில் திரும்பத் திரும்ப வந்தன. அப்படங்களிற் பல அழகியவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை வந்து போவோரின் கண்கள். வந்து போவோரின் கண்ணையே நாமும் இரவலாக வாங்கி அணிந்துகொண்டமையால், சாய்ந்த தென்னை இல்லாத இடத்தில் நமக்குக் காட்சியே இல்லை என்றாகிவிட்டது. என் நண்பர் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த இரவற் கண்ணைக் கழற்றி வைத்தவர்களுள் முதல்வராக லயனல் வென்ற் அவர்களைச் சொல்லலாம். 1900இல் கொழும்பிற் பிறந்த அவர் இங்கிலாந்திற் சட்டமும் பியானோ இசையும் பயின்று திரும்பியவர். 1934இல் வெளியான 'சோங் ஒஃப் சிலோன்' என்ற செய்திப்படத்தில் ஒலிக்கும் வருணனைக் குரல் அவருடையதே. 1943இல் தோன்றிய ஓவியர் கூட்டமைப்பாகிய '43 குழு'வுக்கு உயிராய் நின்றவரும் அவரே. 1944 டிசெம்பரில், 44 வயதில், அவர் மறைந்தார். அவர் எடுத்த படங்களின் தொகுதி அவர் மறைந்து ஆறு ஆண்டுகளின் பின், 1950இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. அவருடைய மூலச்சுருள்களோ அவருக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டன. தபால் அட்டைகளில் வந்த அதே தென்னையும் அதே மீனவரும் அதே வயலும் வென்ற் அவர்களின் படங்களிலும் உண்டு. ஆயினும் அவை வேறு. தென்னையின் அடிமரத்தில் விழும் நிழற்கோட்டை அவர் பார்த்தார். வலையிழுக்கும் மனிதனின் முதுகுத் தசையை ஒரு மலைத்தொடரைப் பார்ப்பதுபோற் பார்த்தார். பொருள் மாறவில்லை, பொருளோடு அவர் செலவிட்ட நேரம் மாறியது என்றே நான் கருதுகிறேன்.

நேரம் என்றதும் ஐரோப்பியர் ஒருவரின் நினைவு வருகிறது. செக் நாட்டவரான யோசெப் சுடெக் முதலாம் உலகப் போரிற் பட்ட காயத்தினால் வலக் கையை இழந்தவர். ஒற்றைக் கையுடன் பாரமான பெரிய கமராவைத் தூக்கித் திரிந்து பிராக் நகரைப் படம்பிடித்தவர். ஜெர்மனியரின் ஆதிக்கத்தில் வெளியே சென்று படம் எடுப்பது கடினமானபொழுது, அவர் தம் சிறிய பணியறையின் யன்னலையே படம் பிடிக்கத் தொடங்கினார். 1940 முதல் 1954 வரை பதினான்கு ஆண்டுகள். யன்னல் ஒன்று, அப்பாலே ஒரு கோணல் மரம், கண்ணாடியிற் சில நாள்களில் பனித்துளி, சில நாள்களில் மழைத்துளி, சில நாள்களில் உறைபனி. இவ்வளவே அவருடைய நிலம். அப்படங்களை இன்று பார்ப்போர்க்கு ஒன்றைப்போல் ஒன்று இல்லை. புதிய இடத்துக்குப் போனால்தான் புதிய படம் கிடைக்கும் என்று சொல்லுவோர்க்கு, அந்த ஒற்றை யன்னலைவிட வேறு மறுமொழி தேவையில்லை.

இதை அறிவதற்கு நாம் பிராக் நகருக்குப் போகவும் வேண்டியதில்லை. நம் இலக்கணமே இதனைச் சொல்லியிருக்கிறது. தொல்காப்பியம் முதற்பொருள் என வகுத்துக்கொண்டது நிலத்தை மாத்திரம் அன்று. நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே வகுத்தது. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், மருதத்துக்கு வைகறையும் விடியலும் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் பருவமும் வேளையும் உரிமையாக்கப்பட்டன. பொழுதில்லாத நிலம் என ஒன்று நம் முன்னோர் எண்ணத்தில் இல்லை. கொலன்னாவை எத்திணையைச் சேர்ந்தது என்று யாரேனும் கேட்டால் நான் சிறிது தடுமாறுவேன். சதுப்பையும் எருமையையும் பார்த்தால் மருதம் எனலாம். எண்ணெய்த் தாங்கியைக் கருப்பொருளாகக் கொண்ட திணையை எந்த இலக்கணியும் வகுக்கவில்லை. அது நிற்க.

பொழுதை எடுத்துக்கொண்டால், நம் நாட்டு வெயிலின் நடத்தையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மேனாட்டார் எழுதிய ஒளிப்பட நூல்களைப் படித்தவர்கள், நண்பகலிற் கமராவைத் தொடவே கூடாது என்று நம்புகிறார்கள். அந்நூல்கள் வேறோர் ஆகாயத்தின் கீழ் எழுதப்பட்டவை. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டில் இரு முறை, ஏப்பிரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்தை ஒட்டியும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறது. ஏப்பிரலில் அவ்வேளை பகல் 12 மணி 12 நிமிடத்தை அடுத்து வரும். அப்பொழுது நட்ட கம்புக்கு நிழல் இல்லை. குடை பிடித்து நடப்பவரின் நிழல் அவர் காலடியில் வட்டமாகச் சுருண்டு கிடக்கும். நிலத்தில் விழும் இந்த மாற்றத்தைப் பலர் கவனித்திருப்பார்கள். சுவர்களில் நிகழ்வதைக் கவனித்தவர் சிலரே. உச்சி வெயில் செங்குத்தான சுவரை உராய்ந்துகொண்டு கீழே இறங்குகிறது. அதனாற் சாந்து பூசிய சுவரில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும், ஒவ்வொரு வெடிப்பும், கையாற் பூசியவனின் தேய்ப்புத் தடங்களும் எழுந்து தெரியும். அந்த ஒளி சில நிமிட நேரமே நிற்கும். எண்ணெய்த் தாங்கியின் பக்கத்தில் வளைந்து ஏறும் ஏணிப்படி, மற்ற வேளைகளில் ஒரு கீறலாகத் தோன்றுவது, அந்த நேரத்திற் கீழ்நோக்கி நீண்ட நிழல்களை விடும்.

ஏப்பிரலிலிருந்து செப்டெம்பர் வரை இன்னொரு புதுமை. நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆண்டில் ஏனைய மாதங்களில் நண்பகலில் நிழலிலேயே கிடக்கும் வடக்கு நோக்கிய சுவர்கள், யன்னல்கள், ஒழுங்கைகள் அம்மாதங்களில் வெயில் காணுகின்றன. அதே ஒழுங்கையை டிசெம்பரிற் பார்த்தால் வெயில் எதிர்ப்புறத்திலிருந்து, சாய்ந்து வருகிறது. சூரியன் மறையும் இடமோ யூன் மாதத்துக்கும் டிசெம்பர் மாதத்துக்கும் இடையே அடிவானத்தில் ஏறத்தாழ 47 பாகை நகர்ந்துவிடுகிறது. கொலன்னாவையிலிருந்து மாலையில் மேற்கே நோக்கினால் கொழும்பு நகரின் உயர்ந்த கட்டடங்கள் முழுவதும் கரிய உருவரைகளாக எழும். 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தாமரைக் கோபுரமும் அவற்றிடையே தெரியும். நீங்கள் தேர்ந்துகொண்ட ஓர் இடத்தில் நின்று பார்த்தால், சூரியன் அக்கோபுரத்தின் நேர் பின்னே இறங்குவது ஆண்டில் இரு பருவங்களிற் சில நாள்கள் மாத்திரமே. அவை எந்த நாள்கள் என்பதை உங்கள் படியில் நின்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பத்து அடி நகர்ந்தால் அண்டை வீட்டுக் கூரைக்கும் கோபுரத்துக்கும் உள்ள தொடர்பே மாறிவிடுமல்லவா?

வெயில் மாத்திரந்தானா? தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் வானம் முழுவதும் வெள்ளைத் துணி விரித்ததுபோல் இருக்கும். பலரும் அந்நாள்களிற் கமராவை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். சதுப்பு நிலத்தைப் படம் பிடிக்க அதைவிட நல்ல ஒளி கிடையாது. நாணலின் பச்சை, ஆகாயத்தாமரையின் ஊதாப்பூ, கரிய நீர் ஆகிய மூன்றும் நிழலின் குறுக்கீடு இன்றித் தம் சொந்த நிறத்தில் நிற்கும். தை மாதத்துச் சில விடியல்களிலோ மெல்லிய புகார் நீர்மேல் தவழும். அப்பொழுது கொக்கும் நீர்க்காகமும் இருக்கும் இடமே ஊகத்தினால்தான் புலப்படும்.

சதுப்பு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொலன்னாவைச் சதுப்பும், அதனோடு சேர்ந்த ஹீன், கோட்டைச் சதுப்புகளும் கூடிக் கொழும்பின் மழைவெள்ளத்தைத் தாங்கி நிறுத்தும் தாழ்நிலமாக உள்ளன. மூன்றும் ஏறத்தாழ 400 ஹெக்டேயர். 2018 ஒக்டோபரில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களென முதன்முதல் ஏற்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்று. நகரின் நடுவே மீன்பிடித்துத் தின்னும் காட்டுப் பூனை வாழ்கிறதென்றால் வெளிநாட்டார் வியக்கிறார்கள். நாமோ அவ்விடத்தைப் பற்றை என்றும் சேறு என்றும் சொல்லிக் கடந்து போகிறோம்.

இனிப் பொழுதை விட்டு, நிற்கும் இடத்துக்கு வருவோம். படம் எடுக்கும் நம்மிற் பெரும்பாலோர் நின்றபடியே, கண்ணின் உயரத்திலேயே எடுக்கிறோம். உலகத்தை எப்பொழுதும் ஐந்தடி உயரத்திலிருந்து பார்த்தால் அது எப்பொழுதும் ஒரே உலகமாகத்தான் இருக்கும். கால்வாய் ஓரத்திற் குந்தியிருந்து தூண்டில் போடும் சிறுவனின் கண் எங்கே இருக்கிறது? பவுசரின் சாரதி தம் உயர்ந்த ஆசனத்திலிருந்து எதைக் காண்கிறார்? சதுப்பில் இறங்கி நீர்ச்செடி அகற்றும் தொழிலாளியின் கண்ணுக்கு நகரம் எவ்வாறு தெரிகிறது? நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே கமராவைத் தாழ்த்திப் பாருங்கள். ஆகாயத்தாமரை இலை ஒவ்வொன்றும் ஒரு மரமாகும். எண்ணெய்த் தாங்கி அவற்றின் பின்னே தாழ்ந்து அடங்கும்.

யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் தம் நாட்டின் பூஜி மலையை 'முப்பத்தாறு காட்சிகள்' என்ற வரிசையில் வரைந்தார்; பின்னர் பத்துச் சேர்த்து 46 ஆக்கினார். பூஜி மலை யப்பானியருக்குப் பழகிப் பழகிச் சலித்த காட்சியாக இருந்திருக்க வேண்டும். அவ்வரிசையில் ஓர் ஓவியத்தில், ஒரு தொழிலாளி பெரிய மரப்பீப்பா ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். அடியில்லாத அந்தப் பீப்பாவின் வட்டத்தினூடே, வெகு தூரத்தில், மலை ஒரு சிறு முக்கோணமாகத் தெரிகிறது. உழைக்கும் மனிதனை முன்னே வைத்து, புகழ்பெற்ற மலையைச் சிறிதாக்கிவிட்டார் ஹொக்குசாய். இந்த ஓவியம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கொலன்னாவை வீதியில் நிற்கும் பவுசர்களின் சில்லுகளும், அவற்றுக்கடியில் மல்லாந்து படுத்துத் திருத்த வேலை செய்யும் இளைஞர்களும் தோன்றுகிறார்கள். அந்தச் சில்லுகளுக்கிடையே தாமரைக் கோபுரம் எவ்வளவு சிறிதாகத் தெரியும்!

இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணெய்க் களஞ்சியம் பாதுகாப்புக்குரிய இடம். 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் உள்ள எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தன. அன்று எழுந்த கரும்புகை நகர வானத்தையே மூடியது. அதை நேரிற் கண்டவர்கள் இன்றும் அவ்வூரில் இருக்கிறார்கள். ஆகையால் அனுமதி இன்றி அக்களஞ்சிய வேலியின் அருகே கமராவுடன் நிற்பது அறிவுடைமை அன்று. அவ்வாறே, மனிதர்களைப் படம் பிடிக்குமுன் அவர்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதனால் இன்னொரு பயனும் உண்டு. கேட்டால் அவர்கள் பேசுவார்கள். பேசினால், நீங்கள் அறியாத ஒரு கோணத்தைக் காட்டித் தருவார்கள்.

பழைய கமராக்களில் ஒரு நன்மை இருந்தது; அதை இன்று இழந்துவிட்டோம். முக்காலியில் நிறுத்தும் பெரிய கமராவின் பின்பக்கத்து மங்கற் கண்ணாடியிற் காட்சி தலைகீழாகத் தெரியும். மார்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் இரட்டை வில்லைக் கமராவிலோ இடம் வலமாக மாறித் தெரியும். தலைகீழாக நிற்கும் வீட்டை நாம் இன்னாருடைய வீடு என்று எளிதில் இனங்காண்பதில்லை. அது வெளிச்சமும் இருளும் பங்கிட்டுக்கொண்ட ஒரு பரப்பாக நமக்குத் தெரிகிறது. கைத்தொலைபேசியால் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒரு நிமிடம் பாருங்கள். எந்த மூலை வெறிதே கிடக்கிறது, எந்த விளிம்பில் எது வெட்டுண்டு போயிற்று என்பது அப்பொழுது தெளிவாகும்.

விளிம்பு என்று சொன்னேன். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்த விளிம்புதான். படம் எடுப்பது என்பது சிலவற்றை உள்ளே விடுவதும் பலவற்றை வெளியே தள்ளுவதும் ஆகும். பழகிய நிலத்தில் நாம் வெளியே தள்ளுபவை எவை என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். மின்கம்பி, குப்பைக் குவியல், தகரக் கூரை, அழுக்குக் கால்வாய். விகாரையின் வெண்மையான தாதுகோபத்தையோ பூத்த மரத்தையோ எடுக்கும்போது, இவை படத்தில் விழாதவாறு இரண்டடி இடமாக நகர்ந்து கொள்கிறோம். அந்த இரண்டடி நகர்வு கைப்பழக்கமாகி, பின்னர் கண்பழக்கமாகி, முடிவில் மனப்பழக்கமாகிவிடுகிறது.

கொலன்னாவைப் பகுதியில், மீதொட்டமுல்லையிற் கொழும்பின் குப்பை ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டு மலைபோல் உயர்ந்தது. அயலில் வாழ்ந்த மக்கள் அதை எதிர்த்துப் பல முறை குரல் எழுப்பினார்கள். 2017 ஏப்பிரல் 14ஆம் திகதி, சிங்களவரும் தமிழரும் புத்தாண்டு கொண்டாடிய அதே நாளில், அம்மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் நாட்டிலுள்ள கமராக்கள் எல்லாம் அங்கே திரண்டன. வெளிநாட்டுக் கமராக்களும் வந்தன. அவை வந்தது குற்றம் அன்று. வரத்தான் வேண்டும். ஆனால் சில நாள்களில் அவை திரும்பிச் சென்றன. அந்த மேடு எந்த ஆண்டில் எந்த வீட்டின் கூரையைத் தாண்டியது, எப்பொழுது தென்னையின் உயரத்தை எட்டியது, எப்பொழுது மதிற்புறத்துக்கு வந்து சேர்ந்தது என்பதைச் செய்திக்காக ஒரு நாள் வரும் கமரா காட்டமாட்டாது. ஒரே முற்றத்திலிருந்து, ஒரே திசையில், மாதம் ஒரு படம் எடுத்து வைத்த கமராவே அதைக் காட்டும். அங்கு வாழ்ந்தோர் தம் வீட்டுத் திருமணங்களிலும் பிறந்தநாள்களிலும் எடுத்த படங்களின் பின்னணியில், ஏதோ ஒரு மூலையில், அம்மேடு தற்செயலாக விழுந்திருக்கக்கூடும். நாம் வேண்டாமென்று ஒதுக்கிய மூலைதான் பின்னாளிற் சான்றாக வேண்டியிருக்கிறது.

அழகைத் தேடும் கலைக்கும் குப்பை மேட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். புதிய நோக்கு என்பது புதிய அழகை மாத்திரம் தேடிக்கொண்டு போவதானால், அது இன்னொரு தபால் அட்டையிற் போய் முடியும். நான் அந்த நோக்கைப் பற்றிப் பேசவில்லை. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் நீரில் நின்றன. நீர் வடிந்தபின் சுவர்களில் ஒரு பழுப்புக் கோடு எஞ்சியது. அத்தகைய வெள்ளக் கோடு ஒன்றைப் பார்ப்பதற்குச் சற்றுமுன் நான் சொன்ன உச்சி வெயில் மிகவும் ஏற்றது. யன்னலின் அடிக்கட்டைக்கு எவ்வளவு மேலே அக்கோடு ஓடுகிறது, வீட்டுக்காரர் எந்த இடம் வரை புதிதாகச் சாந்து பூசினார், எந்த இடத்திற் பணம் போதாமல் நிறுத்தினார் என்பதெல்லாம் அவ்வெயிலிற் புத்தக வரிபோல் தெரியும். அப்படம் அழகாகவும் இருக்கும். அழகு அங்கே தானாக வந்து சேர்ந்தது, அழைத்து வரவில்லை.

ஆகவே, முயன்று பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு செயல்முறையைச் சொல்லுகிறேன். 1880களின் இறுதியில், செபாஸ்தியன் பின்ஸ்தர்வால்டர் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் அல்ப்ஸ் மலையிலுள்ள பனியாறுகளைக் குறித்த சில இடங்களில் நின்று படம் எடுக்கலானார். பிற்காலத்தார் அதே இடங்களில் நின்று எடுத்த படங்களோடு அத்தகைய படங்களை ஒப்பிட்டுத்தான் பனியாறு எவ்வளவு சுருங்கிற்று என்று அறிகிறார்கள். நமக்குப் பனியாறு இல்லை, கால்வாய் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கால்வாய்ப் பாலத்தின் ஒரு தூண், மொட்டைமாடியின் ஒரு மூலை, பஸ் தரிப்பிடத்தின் ஒரு படி என ஏதாவது ஒன்று. கிழமைக்கொரு முறை அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். அது பதிவு. அதன்பின் நூறு அடி சுற்றளவுக்குள் உங்கள் விருப்பம்போல் இன்னொரு படம் எடுங்கள். அது உங்களுடையது. ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், நோக்கிய திசை ஆகிய மூன்றையும் குறித்துவையுங்கள். முதல் மூன்று கிழமைகளிற் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றிச் சலிப்புத் தட்டும். பெரும்பாலோர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நான்காம், ஐந்தாம் கிழமையில் எதிர்வீட்டுக் கொடியில் உலரும் துணிகள் மாறுவதையும், கால்வாய் நீரின் மட்டம் ஏறி இறங்குவதையும், முன்பு இருந்த ஒரு மரம் இப்பொழுது இல்லை என்பதையும் காணத் தொடங்குவீர்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்று கேட்பீர்களாயின், ஒக்டோபரைச் சொல்லுவேன். பருவக் காற்றுகளின் இடைக்காலமாகிய அம்மாதத்திற் பிற்பகல்களில் இடிமேகம் பெரும்பாலும் உள்நாட்டுப் பக்கத்திலிருந்து, அதாவது கிழக்கே, திரண்டு வரும். மேற்கே கடலின் மேல் வானம் இன்னும் திறந்திருக்க, தாழ்ந்த வெயில் நகரத்தைக் கடந்து வந்து கொலன்னாவைச் சதுப்பின் நாணல்மேல் விழும். பின்னணி முழுவதும் மைக்கறுப்பு. முன்னே ஒவ்வொரு தாளும் பொற்கம்பி. அப்பொழுது எழும் ஒரு வெண்கொக்கு, கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதுபோல் தெரியும். அந்த வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு மேல் நில்லாது. பின்னர் மழை கொட்டும். கமராவை மூடுவதற்கு ஒரு துண்டு மெழுகுத்துணியும், உங்களுக்கு ஒரு குடையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.